மாதம்மாள் பதில் கொடுக்காத சாயங்காலம்

மாதம்மாள் அக்காவுக்குக் குரல் பெரிது. பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் சொன்னாலும் மூன்று வீடு தள்ளிக் கட்டியிருக்கும் ஆடு தலையைத் தூக்கிப் பார்க்கும். என் ஜீப்பில் ஏறினால் முன்சீட்டில் உட்கார விடமாட்டேன். "அக்கா, இந்தக் காதாவது எனக்கு மிச்சம் இருக்கட்டும், பின்னாடி குந்து" என்பேன். "உன் வண்டி சத்தத்துக்கு என் சத்தம் எவ்ளோ தேவலாம், போடா" என்பாள். அது உண்மை என்பதால் நானும் வாயை மூடிக்கொண்டு ஓட்டுவேன்.

நான் ஆலங்காயத்துக்காரன். பெயர் அன்பரசன். ஜவ்வாது மலைக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறேன். மெயின்ரோட்டில் இருந்து பிரிந்து நாவக்கொல்லை வரைக்கும் போகும் மண்ரோட்டில் பஸ் கிடையாது, என் வண்டிதான். நாவக்கொல்லையில் வீடுகள் சாமைக் கொல்லைகளுக்கு நடுவே தள்ளித் தள்ளி இருக்கும். காட்டை ஒட்டிய கடைசி வீடு மாதம்மாளுடையது. அவள் புருஷன் சுப்பிரமணி அண்ணன் அதிகம் பேசாதவர். ஒரு வீட்டுக்கு வேண்டிய பேச்சை மாதம்மாளே பேசிவிடுவதால் அவருக்கு வேலை மிச்சம்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. காட்டுக்குப் போனவர்கள் திரும்பும்போது, ஊருக்கு மேலே பாறை முடக்கில் சுமையை இறக்கிவிட்டு, தன் வீட்டைப் பார்த்து ஒரு கூவல் கொடுப்பார்கள். 'ஓ...ய்' என்று ஒரே இழுப்பு. வீட்டில் இருப்பவர் அதே மாதிரி பதில் கொடுக்க வேண்டும். பதில் வந்தால் வீட்டில் எல்லாம் சரி. வந்தவர் வெட்டவெளியில் சுற்றி இறங்கும் நீளப் பாதையில் சாவகாசமாக வருவார். மூன்று தரம் கூவியும் பதில் இல்லையென்றால் வீட்டில் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். அப்புறம் சுமையைப் பார்க்கக் கூடாது. நேராகக் கீழே இறங்கும் ஓடை வழியாக ஓடிவர வேண்டும். அந்த ஓடையில் புதர் மண்டிக் கிடக்கும். சீத்தாப்பழக் காலத்தில் பொழுது சாய்ந்தால் கரடி அங்கேதான் மேயும். அது தெரிந்தும் ஓடுவார்கள்.

இதனால் எந்த வீட்டையும் பதில் கொடுக்க ஆள் இல்லாமல் விடமாட்டார்கள். வெளியே போகிறவள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவாள், அவள் இவளுக்காகப் பதில் கொடுப்பாள். மாதம்மாளுக்குப் பக்கத்து வீடு பாஞ்சாலி. இருவருக்கும் கோழி விஷயமாக அடிக்கடி சண்டை வரும். முகம் பார்த்துப் பேசாத நாட்களிலும் ஒருத்திக்காக ஒருத்தி பதில் கொடுப்பதில் மட்டும் குறை வைத்ததில்லை.

கல்யாணமாகி வந்த புதிதில் மாதம்மாளுக்குக் கூவ வெட்கமாம். அத்தனை பேர் கேட்கப் புருஷனுக்குப் பதில் கத்துவதா என்று புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். சுப்பிரமணி அண்ணன் ஓடை வழியாக முள் கிழித்த காலோடு வந்து சேர்ந்து, "இன்னாச்சு, இன்னாச்சு" என்று கேட்டாராம். அந்தக் காலைப் பார்த்த நாளோடு வெட்கம் போனது. குரலும் அன்றைக்கு வளர ஆரம்பித்ததுதான் என்று பாஞ்சாலி கேலி பேசுவாள்.

செல்போன் இல்லையா என்று கேட்காதீர்கள். இருக்கிறது. டவர்தான் எட்டுவதில்லை. அவர்களுடைய ஒரே மகள் சசிகலா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். அவளோடு பேச மாதம்மாள் என் ஜீப்பில் ஏறிப் பாதி மலை இறங்கி, சிக்னல் கிடைக்கும் வளைவில் நின்று கத்த வேண்டும். அவள் கத்துவதற்குப் போனே தேவையில்லை, திருப்பூருக்கு நேராகவே கேட்கும் என்பேன். சிரிப்பாள். போனை வைத்த பிறகு வழியெல்லாம் பேசாமல் வருவாள். அப்படி அவள் பேசாமல் வந்தால் எனக்கு வண்டி ஓட்டவே ஒரு மாதிரி இருக்கும்.

போன வருஷம் ஆடியில் சென்னையில் இருந்து ஒரு தொண்டு நிறுவனத்து ஆட்கள் வந்தார்கள். அவர்களை மேலே ஏற்றிப் போனதும் என் வண்டிதான். சிவசங்கரி என்று ஒரு பெண் தலைவி. நல்ல பெண். சுற்றிலும் எல்லாப் பக்கமும் பார்க்கும் ஒரு கேமராவை மாதம்மாள் வாசலில் குச்சி நட்டு நிறுத்திப் படம் பிடித்தாள். "சென்னைல இருக்கறவங்க இத கண்ல மாட்டிக்கிட்டா உங்க வாசல்லயே நிக்கிற மாதிரி இருக்கும்கா. உங்க கஷ்டத்த அவங்க கஷ்டமா உணருவாங்க. ரோடு வர்றதுக்கு அவங்களும் குரல் குடுப்பாங்க" என்றாள்.

ஆவணியில் திரும்பி வந்து அந்தக் கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டினாள். வி.ஆர். என்று அவள் சொன்னாள், ஊரில் கண்ணுபொட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். கண்ணையும் காதையும் சேர்த்து மூடிவிடும். எனக்கும் மாட்டிவிட்டாள். பார்த்தால் மாதம்மாள் வாசலில் நிற்கிறேன். திரும்பினால் மலை. மேலே பார்த்தால் மேகம். குனிந்து பார்த்தேன், என் கால் இல்லை. நான் நிற்கும் இடத்தில் வெறும் மண்தான் இருந்தது. கழுத்தில் வியர்த்துவிட்டது எனக்கு. அதற்குள் மேலே இருந்து சுப்பிரமணி அண்ணனின் கூவல் வந்தது. மறுபடியும் வந்தது. அப்படியே இருட்டிப் படம் முடிந்துவிட்டது.

மாதம்மாளும் மாட்டிப் பார்த்தாள். கழற்றியதும் முதலில் கேட்டது, "என் பதில் எங்க?"

"அத கட் பண்ணிட்டோம்கா" என்றாள் சிவசங்கரி. "பதில் வராம முடிஞ்சாதான் பாக்கறவங்களுக்கு பக்குனு இருக்கும். நிறைய பேரு அழுதுட்டாங்க, தெரியுமா?"

"எத்தினி பேரு பாத்தாங்க?"

"நிறைய பேருக்கா. சென்னைல ஒரு பெரிய ஹால்ல வச்சுக் காட்டினோம்."

"அவ்ளோ பேரு கேட்டும் ஒர்த்தரும் பதில் குடுக்கலியா?"

சிவசங்கரி சிரித்தாள். அது வீடியோதானே என்றாள். மாதம்மாள் சிரிக்கவில்லை. முகம் சுண்டிப்போய், மேலே பாறை முடக்கை நிமிர்ந்து பார்த்தாள். புருஷனின் கூவல் எங்கோ ஓர் ஊரில் பதில் இல்லாமல் நிற்கிறது என்று அவளுக்கு உண்மையாகவே பயம். எனக்கு அது அன்றைக்கு வேடிக்கையாக இருந்தது.

அவளைச் சமாதானப்படுத்தத்தான் சிவசங்கரி அந்த நல்ல காரியத்தைச் செய்தாள். வேறு வேலையாகத் திருப்பூர் போனபோது சசிகலாவைத் தேடிப் பிடித்து, ஹாஸ்டல் அறையில் அதே கேமராவை வைத்துப் பேசச் சொல்லியிருக்கிறாள். அம்மா எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேசு, பதில் சொல்ல இடம் விட்டு விட்டுப் பேசு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள். கால் மணி நேரப் படம். அதைப் போட்டு, கண்ணுபொட்டியை மாதம்மாளிடம் கொடுத்து, அடுத்த தரம் வரும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று விட்டுப் போனாள்.

அதற்கப்புறம் சிக்னல் வளைவுக்கு வர மாதம்மாள் என் வண்டியில் ஏறுவது குறைந்தது. தினமும் வேலையை முடித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அதை மாட்டிக்கொள்வாளாம். "இன்னாம்மா சாப்ட்ட?" என்று மகள் கேட்பாள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவாள். மாதம்மாள் அன்றைக்குச் சாப்பிட்டதைச் சொல்வாள். "ஆடு எப்படிம்மா கீது?" என்பாள். இவள் ஆட்டுச் சேதி சொல்வாள். மகள் தலையாட்டுவாள். கேள்விகள் தினமும் அதேதான், பதில்தான் தினமும் புதிது. முதல் நாள் மகள் தலையைத் தடவக் கை நீட்டி, கை வெறும் காற்றில் போக, வீல் என்று கத்தியிருக்கிறாள். அப்புறம் பழகிவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு பேசக் கற்றுக்கொண்டாள்.

சுப்பிரமணி அண்ணனுக்குத்தான் பழகவே இல்லை. ஒரு நாள் பழக்கூடையை வண்டியில் ஏற்றும்போது என்னிடம் சொன்னார். "முகம் இல்லாத மாதிரி கீறா தம்பி. பக்கத்துல போய் நின்னாலும் தெரியல. பேசறா, சிரிக்கறா, ஆரும் இல்ல. எனக்கு ஒடம்பெல்லாம் சிலுக்குது."

"மகளத்தான பாக்கறாங்க, பாத்துட்டுப் போகட்டும்ணா" என்றேன்.

"அவ பாக்கறா. அந்தப் பொண்ணு இவள பாக்குதா? இல்லல்ல. அப்ப பதில் எதுக்கு சொல்றா?" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஐப்பசியில் சீத்தாப்பழம் முற்றிப் பழுத்த நேரம். ஒரு நாள் பாஞ்சாலி ஜமுனாமரத்தூருக்கு ரேஷன் வாங்கக் கிளம்பினாள். போகும்போது, "வூட்லதான இருப்ப? அண்ணன் காட்டுக்குப் போயிருக்காரு" என்று மாதம்மாளைக் கேட்டிருக்கிறாள். "இங்கதான் இருப்பேன், நீ போய்ட்டு வா" என்றிருக்கிறாள் மாதம்மாள். பாஞ்சாலி என் வண்டியில்தான் திரும்பினாள். மற்றவர்கள் எல்லாம் தூரத்துக் கொல்லையில் சாமை அறுப்பில் இருந்தார்கள். ரோடு முடியும் இடத்தில் வண்டியை நிறுத்தினேன். என்ஜின் அடங்கியதும் மேலே இருந்து கூவல் கேட்டது.

பாஞ்சாலி அரிசிப் பையை இறக்கிக்கொண்டே, "அண்ணன் வந்துட்டாரு" என்றாள். மறுபடியும் கூவல். அவள் கை நின்றது. "இன்னா இவ, பதில் குடுக்கல?" என்றாள். அடுத்த கூவல் வந்தது. அது முன்னதைப் போல இல்லை. இழுப்பு நடுவிலேயே உடைந்திருந்தது. பாஞ்சாலி பையை அப்படியே போட்டுவிட்டு, தொண்டை கிழிய மேலே பார்த்துப் பதில் கத்தினாள். நானும் கத்தினேன். நாங்கள் நின்றது பள்ளத்தில், காற்றும் எதிர்க்காற்று. மேலே போயிருக்காது.

ஓடினோம். மாதம்மாளுக்கு என்ன ஆனதோ என்றுதான் எனக்கு நினைப்பு. பாம்பு கடித்துக் கிடக்கிறாளா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாளா. ஏற்றத்தில் மூச்சு முட்டியது. பாஞ்சாலி எனக்கு முன்னால், "மாதம்மா, மாதம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். வீட்டில் இருந்து பதிலே இல்லை.

கதவு திறந்துதான் இருந்தது. மாதம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கண்ணுபொட்டி. "ஆமாண்டி, ரெண்டும் பொட்டக் குட்டிதான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எதிரில் வெறும் சுவர். நாங்கள் இருவரும் வாசற்படியில் நின்று இரைக்க இரைக்க அவளைப் பார்த்தோம். அவள் நன்றாகத்தான் இருந்தாள், ஒரு குறையும் இல்லை. இதற்கு ஒரு பாம்பு கடித்திருக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியதை மறைக்க மாட்டேன்.

பாஞ்சாலி போய் அதைப் பிடுங்கி எறிந்தாள். மாதம்மாள் தூக்கத்தில் எழுப்பப்பட்டவள் மாதிரி கோபமாகப் பார்த்தாள்.

"அண்ணன் கூவுனாரு! காது இன்னாடி அடைச்சினுச்சா?"

மாதம்மாளுக்கு அது புரிவதற்குள் ஓடைப் பக்கம் இருந்து சத்தம் வந்தது. கரடி சண்டைக்கு வரும்போது எழுப்பும் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும். கேட்காதவர்களுக்கு நான் சொல்லிப் புரிய வைக்க முடியாது, கேட்காமலே இருங்கள். அதற்கு நடுவில் ஒரு மனுஷக் குரலும் கேட்டது. மாதம்மாள் செருப்பில்லாமல் ஓடைக்குள் இறங்கி ஓடினாள். அவள் அன்றைக்குக் கத்திய கத்தலில்தான் அறுப்பில் இருந்தவர்கள் அரிவாளோடு ஓடிவந்தார்கள். கரடி விலகிப் போனதும் அந்தக் கத்தலுக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அண்ணனுக்கு முகத்தின் இடது பக்கம் போயிருந்தது. அதற்கு மேல் எழுத எனக்கு மனசில்லை. போர்வையில் கட்டி மூங்கிலில் தொங்கவிட்டு வண்டி வரைக்கும் தூக்கி வந்தார்கள். பின்சீட்டில் படுக்க வைத்தோம். தலை மாதம்மாள் மடியில். நான் அந்த வளைவுகளில் எப்படி ஓட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. செத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். வண்டிக் கண்ணாடியில் பின்னால் பார்க்கவே பயமாக இருந்தது, பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

பாதி மலை இறங்கும்போது அவருக்கு நினைவு வந்தது. துண்டுக் கட்டுக்குள் இருந்து குழறலாகக் கேட்டார். "வூட்ல இன்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. பேசாதீங்க" என்றாள்.

"பதில் வரலியே. மறைக்காத. சசிகலாவ பத்தி எதனா சேதி வந்துச்சா?"

"இல்லங்க. அவ நல்லா கீறா."

"ஆரு சொன்னா?"

"நான் இப்பதான் பாத்துனு இருந்தேன்" என்றாள் மாதம்மாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது கேட்டது போல. வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் மடியில் இருந்த தலையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆலங்காயத்தில் ஊசி போட்டு வேலூருக்கு அனுப்பினார்கள். உயிர் பிழைத்தார். இடது கண் போனது. சசிகலா திருப்பூரில் இருந்து ஓடிவந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் மாதம்மாள் அவள் கையைப் பிடித்தபோது, வலது ஆள்காட்டி விரலில் பெரிய தையல் தழும்பு. ஊசி ஏறிவிட்டது, ஒரு மாசம் ஆகிறது, சொன்னால் பயப்படுவீர்கள் என்று சொல்லவில்லை என்றாள். அந்த ஒரு மாசமும் மாதம்மாள் தினம் அவள் எதிரில் உட்கார்ந்து, நல்லா இருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டு இருந்தவள். அந்த விரலைப் பிடித்துக்கொண்டு வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். நர்ஸ் வந்து அதட்டியும் நிறுத்த முடியவில்லை.

சிவசங்கரியும் வந்தாள். நான் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று என்னிடம் அழுதாள். எனக்கு ஒரு கடுஞ்சொல் வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். பிறகு நாவக்கொல்லைக்கு வந்து கண்ணுபொட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

தை முடிந்து புளி உலுக்கும் காலம் வந்தது. சுப்பிரமணி அண்ணன் மறுபடி காட்டுக்குப் போக ஆரம்பித்தார். ஆனால் கூவுவதில்லை. பாறை முடக்கில் நிற்காமல், சத்தமே இல்லாமல் இறங்கி வருவார். மாதம்மாள் மத்தியானத்தில் இருந்தே வாசலில் நிற்பாள். உட்காருவதில்லை, உள்ளே போவதில்லை. சத்தமில்லாமல் காட்டில் நடப்பவன் கரடி மேலேயே போய் விழுவான் என்று எல்லாருக்கும் தெரியும். நான் புளி மூட்டை ஏற்றப் போன ஒரு நாள் அவர் அப்படித்தான் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். அவள் துள்ளித் திரும்பினாள்.

"ஒரு கொரலு குடுத்தா இன்னாங்க? கரடி கீற காடு. நான் இங்கயே நிக்கறனே, மத்தியானத்துலேர்ந்து நிக்கறனே!"

"கரடிக்கு பயம் வுட்டுப்போச்சு மாதம்மா" என்றார் அவர். "கூவிட்டு நிக்கறதுக்குத்தான் பயமா கீது. வாய தொறந்தா ஒடம்பு நடுங்குது. நான் இன்னா பண்ண?"

மாதம்மாள் கையைப் புடவையில் துடைத்தாள். நேராகக் காட்டுப் பாதையில் ஏறினாள். எங்கே போகிறாள் என்று எங்களுக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பாறை முடக்கில் இருந்து அவளுடைய கூவல் வந்தது.

அண்ணன் வாசலில் நின்றார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடியும் கூவல். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நான் பதில் கொடுக்க வாய் எடுத்தேன், பாஞ்சாலி என் தோளைப் பிடித்து வேண்டாம் என்று தலையாட்டினாள். அடுத்த கூவலுக்கும் பதில் இல்லையென்றால் மாதம்மாள் ஓடை வழியாகத்தான் வருவாள். இது எங்களுக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரியும்.

அடுத்த கூவல் வந்தது. அவர் கூவினார். பழைய குரல் இல்லை. தைத்த கன்னத்தின் வழியாகக் காற்று ஒழுகும் குரல். அது மேலே எட்டியதா என்று தெரியவில்லை. மேலே சத்தம் இல்லை. நாங்கள் ஓடையைப் பார்த்தோம், பாதையைப் பார்த்தோம். பிறகு வெட்டவெளிப் பாதையின் மேல் திருப்பத்தில் அவள் புடவை தெரிந்தது. மெதுவாக நடந்து வந்தாள். அவளைப் பார்த்த பிறகும் அவர் கூவிக்கொண்டே இருந்தார்.